பன்னிரண்டு மெத்தைகள்

வல்பரைசோவில் எங்கள் முதல் விளம்பரதாரர்
காசு தரவில்லை.
கீழ்த்தளத்து மெத்தைக்கடை ஓஸ்வால்டோ
கையை விரித்துக் காட்டிவிட்டு
பன்னிரண்டு மெத்தைகளை மாடிக்கு ஏற்றிவிட்டார்.
சுவரெல்லாம் சாய்த்து வைத்தோம்.
துறைமுகம் அடங்கியது. நாய்கள் அடங்கின.
எங்கள் மூச்சு எங்களுக்கே கேட்டது.
பாட்காஸ்ட் வலையமைப்பு என்று பலகை மாட்டினோம்;
மூன்று நிகழ்ச்சி, ஒரு கெட்டில்.

குரல் வெட்டுவது நான். கணக்கும் நானே.
பகலில் இருமல்களை நீக்குவேன்,
இரவில் பூஜ்யங்களை எண்ணுவேன்.
இருபத்திரண்டாம் நிமிடத்தில்
பேசுகிறவர் ஒரு பெருமூச்சு விடுவார்;
அந்த இடுக்கில்தான் பற்பசையைச் செருகவேண்டும்.
தையல் தெரியக்கூடாது.
நூறு பெசோவில் எழுபது பேசியவருக்கு,
முப்பது எங்களுக்கு,
அந்த முப்பதிலிருந்து
இன்னும் பேசத் தொடங்காதவருக்கு.

ரொசெந்தோ தோற்ற ஆட்டங்களைப் பற்றி மட்டுமே பேசுவான்.
ஜெயித்ததைப் பேச ஊரே இருக்கிறது என்பான்.
வாரம் அறுபதாயிரம் பதிவிறக்கம்.
அதில் பாதி தூங்கிப்போனவர்கள் என்று எனக்குத் தெரியும்;
விளம்பரதாரருக்குத் தெரியாது.
அந்த அறுபதாயிரம்தான் வாடகை,
மின்சாரம்,
எடெல்மீராவின் மைக்.

எடெல்மீரா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள்.
இரவுப்பணி முடிந்ததும், எண்ணெய் வாசனையோடு வந்து
தான் தூக்கிய பெட்டிகளைப் பற்றிச் சொல்வாள்:
எது காற்றில் திரும்பிக்கொண்டது,
எதற்குள் என்னவோ உருண்டது,
எதை இறக்க மனமில்லாமல்
அரை நிமிடம் கடலுக்கு மேலேயே வைத்திருந்தாள்.
கேட்டவர்கள் நாற்பத்தொருவர்.
அதில் ஒருவன் நான்.
சரியாகப் பதிவானதா என்று பார்த்தபோது
இன்னொருவனும் நான்.

ரொசெந்தோவின் வாலில்
அவளுடைய ஒரு நிமிடத்தை ஒட்டினேன்.
பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்றேன்.
யார் நார் என்றாள்.
பதில் சொல்லவில்லை.
நாற்பத்தொன்று நானூறாயிற்று.
புந்தா அரேனாஸிலிருந்து ஒரு கலங்கரை விளக்கக்காரர் எழுதினார்:
அந்த உருண்டது என்னவென்று
கண்டுபிடித்தீர்களா?

பிறகு சான்டியாகோவிலிருந்து பெரிய நிறுவனம் வந்தது.
வந்தது என்றால், ரொசெந்தோவின் தொலைபேசிக்கு வந்தது.
அவன் எங்கள் அறையில் உட்காரவில்லை,
மெத்தையில் சாய்ந்து நின்றான்.
ஐந்தாம் பிரிவு நினைவிருக்கிறதா என்றான்.
நோயமியும் நானும் பீர் குடித்தபடி எழுதியது அது:
நிகழ்ச்சி படைத்தவருக்கே சொந்தம்,
போகும்போது கேட்பவர்களும் கூடவே போகலாம்.
இருக்கிறது என்றாள் நோயமி.
பூட்டி வைத்த கூண்டில் யார் வந்து பாடுவார் என்று
அன்று சொன்னதும் அவள்தான்.
இன்று அதைத் திருப்பிச் சொல்லவில்லை.
அவன் கெட்டிலை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். போனான்.

மிச்சம் நான்கு நிகழ்ச்சி,
எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்துக் காது.
நோயமி தன் சம்பளத்தின் மேல்
பென்சிலால் கோடு போட்டாள்,
பேனாவால் அல்ல.

அதே வாரம் ஓஸ்வால்டோ மூச்சு வாங்க மேலே வந்தார்.
ஒரு வாடிக்கையாளருக்கு அந்த அளவுதான் வேண்டுமாம்.
ஒரு மெத்தை போயிற்று.
சுவரில் ஆள் உயர இடைவெளி.
எடெல்மீராவின் பதினான்காம் நிமிடத்தில்
குன்றேறும் பெட்டி கிறீச்சிட்டு நுழைந்தது.
வெட்ட நினைத்தேன்;
அவள் வாக்கியத்தின் நடுவில் அது எலும்புபோல் உட்கார்ந்திருந்தது.
சோம்பலும் கொஞ்சம். விட்டுவிட்டேன்.
ஒன்பது பேர் எழுதினார்கள்: அது எந்தக் கப்பல்?
கலங்கரை விளக்கக்காரர் மட்டும்
கப்பல் இல்லை, கம்பி என்றார்.
அடுத்த வாரம் முழுக்க
அந்தப் பெட்டியை இயக்கும் பெண்ணோடு பேசினாள் எடெல்மீரா.
கிரீஸ் விற்கும் கடை ஒன்று
இருபத்திரண்டாம் நிமிடம் காலியா என்று கேட்டது.

நேற்று ஓஸ்வால்டோ மறுபடி வந்தார்.
மெத்தை ரொம்பக் கெட்டி என்று திருப்பிவிட்டார்களாம்.
மேலே கொண்டுவரவா, பழையபடி
விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?
நாங்கள் மூவரும் அந்த இடைவெளியைப் பார்த்தோம்.
வேண்டாம், என்றாள் எடெல்மீரா,
காசாகவே கொடுங்கள்.