நிகர எடை

இன்று பதினேழு முறை செத்தேன்.
எங்காவது எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

மில்லில் மீந்த எடைச்சீட்டுப் புத்தகம் இருக்கிறது.
வெள்ளைத்தாள் அலுவலகத்துக்கு,
மஞ்சள் லாரிக்காரருக்கு,
இளஞ்சிவப்பு யாருக்கென்று
ஒன்பது வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
அதன் முதுகில் எழுதுகிறேன்.

தேதி. மழை.
சுங்காயில் எட்டு மணிக்கே கடை சாத்தியாச்சு.
இடம்: பனிமலை, மூன்றாவது பாலம்.
எதிரி: ஒரு கிழட்டுக் கரடி.

இந்த ஊரில் பனி என்றால்
காலை ஷிப்டுக்குப் போகையில்
செம்பனை ஓலையிலிருந்து
கழுத்துக்குள் சொட்டும் ஈரம்.
திரையில் அது முழங்கால் வரை கிடக்கிறது,
நடந்தால் நறநறக்கிறதாம்.
நான் தொட்டேயிராத ஒன்றில்
என் கால்தடம்.

நறநறப்பை நான் கேட்டதில்லை.
அம்மா கூடத்தில் தூங்குவதால்
சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் ஆடுவேன்.
"கல்யாணத்துக்குச் சேர்த்த காசில் டப்பா வாங்கினவ"
என்று அத்தையிடம் அவள் போனில் சொன்னதையும்
சத்தமில்லாமல்தான் கேட்டேன்.

முந்நூற்றைம்பது ரிங்கிட்.
ஆ கியோங் கடைக் கண்ணாடி அலமாரியில்
சோற்றுக் குக்கருக்கும் பழைய மோடத்துக்கும் நடுவே இருந்தது.
"நல்ல சாமான் லா தங்கச்சி,
ஒரு பட்டன் மட்டும் கொஞ்சம் ஒட்டும்."
ஒட்டுகிறது. குதிக்கிற பட்டன்.
பதினேழில் ஆறு சாவு அதன் கணக்கு.

மீதி பதினொன்று என்னுடையது.

நேற்று எடைமேடைப் பக்கம்
பழம் வெட்டுகிற ரஃபிகுல் கால்விரலில் கட்டோடு வந்தான்.
குலை விழுந்ததாம்.
காம்பு முறியுமுன் ஒரு சத்தம் வரும் அக்கா,
அன்றைக்குக் காதில் பாட்டு மாட்டியிருந்தேன், என்றான்.
மலாயில்தான் சொன்னான்.
காதை இரண்டு முறை தொட்டுக் காட்டினான்.

இன்றிரவு இயர்போன் மாட்டினேன்.
அடிக்குமுன் கரடி
மூச்சை உள்ளே இழுக்கிறது.
மூன்று வாரமாய் இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
பதினெட்டாம் முறை பாலத்தைக் கடந்தேன்.
கத்திவிடாமல் இருக்கத் தலையணையைக் கடித்தேன்.
அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம் பனி, ஒரு விளக்குக் கம்பம்.

இதை எழுதத்தான் புத்தகத்தை எடுத்தேன்.
எழுத வேண்டியது வேறு.

பெட்டிக்குள் எனக்கு முன்பே ஒருவர் இருக்கிறார்.
சேமிப்புப் பட்டியலில் முதல் வரி.
பெயர் கும்பாங்.
நூற்றுப்பன்னிரண்டு மணி நேரம்.
இத்தனை நாள் அழிக்கவுமில்லை, திறக்கவுமில்லை.
பாலத்தைக் கடந்த தைரியத்தில் திறந்தேன்.

மலையுச்சி. கடைசிக் கதவுக்கு
நாலடி முன்னால் நிற்கிறது அவருடைய ஆள்.
பையில் தொண்ணூற்றொன்பது மருந்துக்குப்பி,
ஒன்றின் மூடிகூடத் திறக்காமல்.
எனக்கும் அந்தப் புத்தி உண்டு,
நல்ல தட்டெல்லாம் இன்னும் அட்டைப்பெட்டியில்.

ஏன் நின்றார்?
ஜொகூரில் வேலை கிடைத்திருக்கலாம்.
வாடகை பாக்கி இருந்திருக்கலாம்.
அல்லது திறந்தால் முடிந்துவிடும் என்று
வெறுமனே நின்றிருக்கலாம்.

குதிக்கிற பட்டன்மேல் என் கட்டைவிரல்.
அப்போதுதான் உறைத்தது,
இதை ஒட்டவைத்தது இவர் கட்டைவிரல்.

லாரி உள்ளே வரும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டு வெளியேறும்போது ஓர் எடை.
வித்தியாசம்தான் பழம்.
கழிப்பது என் வேலை.

ஒன்பதுக்கு உட்கார்ந்தவள் ஒன்றரைக்கு எழுந்திருக்கிறேன்.
உள் எடை தெரியாது. வெளி எடை தெரியாது.
நிகரம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்து
எடுத்துவிட்டேன், ஒரு புள்ளி விழுந்திருக்கிறது.

கும்பாங், கதவை நான் தொடவில்லை.
கொஞ்ச நேரம் உங்களோடு நின்று
காற்றுச் சத்தம் கேட்டேன்.
சேமிக்காமல் வெளியேறிவிட்டேன்.

ஐந்தரைக்கு அலாரம்.
பட்டனைத் துடைக்க ஆ கியோங்கிடம் ஸ்பிரிட் கேட்க வேண்டும்.

வேண்டாம், ஒட்டட்டும்.