மூலம்

வரலாற்று அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவில்
ஒரு முழ இடத்தில்தான் சிக்னல் வரும்.
என் கதிரை அங்கேதான்.

முதல் மணி அடிக்கமுன் பொறுக்கியாக வேண்டும்.
இருபத்தேழு பேரைப் பின்தொடர்ந்து பார்த்தேன்;
பாதி, நடிகையின் கலியாணம்.
மிச்சத்தில் பாதி, ஆரோ எழுதியதை ஆரோ எழுதினது.
திகதி இல்லாத செய்தியை நான் ஒட்டுவதில்லை,
அதிபர் கேட்டாலும்.

தேறியது நாலு.
பழைய வினாத்தாள் சேர்க்கும் திருகோணமலை ரீச்சர் ஒருவர்.
வயல் பூச்சிகளைப் படம் பிடிப்பவர், பெயர் போடமாட்டார்.
கிழமைக்கொருதரம் நட்சத்திரம் பற்றி எழுதும்
ஓய்வுபெற்ற பொறியியலாளர்.
பிறகு விவசாயத் திணைக்களம்,
அது தூங்காத நாட்களில்.

அச்சுப்பொறியில் மை முடிந்தால்
கையால் எழுதி ஒட்டுவேன்.

நேற்று, தரம் எட்டு நிரூஜன்
பலகை முழுக்க வாசித்துவிட்டுக் கேட்டான்:
"ரீச்சர், குளத்தில இப்ப எத்தனை அடி?"

தேடினேன். ஒருவரும் எழுதவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும்
வெய்யிலில் சைக்கிள் உழக்கி
முத்தையன்கட்டுத் துருசடிக்குப் போனேன்.
பாசி படர்ந்த அளவுகோலில்
பதினெட்டடி, நாலு அங்குலம்.
குனிந்து இன்னொருக்காலும் பார்த்தேன்.

காலையில் ஒட்டினேன். திகதி போட்டேன்.
மூலம் என்ற இடத்தில்
கொஞ்சம் யோசித்து
என் பெயரை எழுதினேன்.