வரத்து

மே பதினேழு. வரத்து: ஆறு கனஅடி.
மழை: இல்லை.
நாற்பத்தோரு நாளாக அந்தக் கட்டத்தில்
ஒரே சொல்லை எழுதிக்கொண்டிருக்கிறேன்.
மழையில்லாத ஆறு கனஅடிக்கு
யார் கணக்குச் சொல்வது?

மணிமுத்தாறு அணையில் லஸ்கர் வேலை எனக்கு.
ஷட்டருக்கு கிரீஸ் போடுவேன்,
அளவுகோலில் பாசி சுரண்டுவேன்.
திசையன்விளைப் பக்கம் நாலாம் ரீச்சிலிருந்து போன் வரும்:
"அண்ணாச்சி, வாழை மட்டை மடிஞ்சு தொங்குது,
எப்பத் திறப்பிய?"
தெரியாது என்பதைப்
பலவிதமாகச் சொல்லப் பழகிவிட்டேன்.

லீவு போட்டுவிட்டு நாலுமுக்குக்கு பஸ் ஏறினேன்.
தேயிலைக்கு நடுவே ஒரு பள்ளம். கோரை. மெத்தென்ற பாசி.
"ஏறிராதீரும் வே, அது தரையில்ல" என்றார் சூசைமரியான்,
எஸ்டேட்டில் கான் வெட்டுகிறவர்.
பன்னிரண்டடி மூங்கிலைக் குத்தினார்.
கைப்பிடியளவு வெளியே நின்றது.
உருவியபோது முனையில் கறுப்பாக ஏதோ;
மண்ணில்லை,
அழுக மறந்த இலை. நரம்புகூட இருந்தது.
எந்த மழையில் விழுந்ததோ.
பிழிந்தேன்.
கடுந்தேயிலை நிறத்தில் நீர் முழங்கை வரை வழிந்தது.
தேயிலை வருமுன்பே இங்கே இந்த நிறம் இருந்திருக்கும்.

எண்பத்தெட்டில் இதை வடிக்கச் சொன்னார்களாம்.
முந்நூறு கஜம் வெட்டினார்.
ஓரத்தில் நட்ட செடி வேரழுகிச் செத்தது,
நடுவதை விட்டுவிட்டார்கள்.
கானை மூடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.
"முப்பத்தாறு வருசமா அது பாட்டுக்கு ஒழுகுது,
என் வெட்டு வழியா."

குத்தகை முடிந்து லயங்கள் காலியாகிற வாரம் அது.
கட்டில், பீரோ, கோழிக்கூடு லாரிக்குக் காத்திருந்தன.
அவர் கொழுந்துச் சாக்குகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்.
ஒன்றை என் பக்கம் நீட்டினார். ஏனென்று நான் கேட்கவில்லை.
இருட்டுவதற்குள் பதினாலு சாக்கு இறக்கினோம்.
லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான்.
அவர் மனைவி ஞானப்பூ திட்டிக்கொண்டே வந்து
கடைசிச் சாக்கை
இரண்டு மிதி மிதித்துவிட்டுப் போனாள்.

மே இருபத்து மூன்று. வரத்து: ஐந்தரை.
இஞ்சினியர் கேட்கிறார், ஏன் குறைந்தது?
நாலாம் ரீச்சிலும் கேட்பார்கள்.
மழை: இல்லை.
குறிப்பு என்றொரு கட்டம் உண்டு,
பதினெட்டு வருடமாக அதில் நான் எதுவும் எழுதியதில்லை.
'மேலே நிற்கிறது' என்று எழுதினேன்.
ஜூனில் யாராவது அடித்துவிடலாம்.