பழைய மதிப்பு, புதிய மதிப்பு

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்று தேதி கொடுத்தேன்.
இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்துச் சொச்சம் வரிகள்.
விக்ரோலி ஆபீசில் ஏழு மணிக்கே ஏசியை நிறுத்திவிடுவார்கள்.
அக்டோபர் வெக்கை ஜன்னல் கண்ணாடியில் கன்னம் வைத்து நின்றது.

முதலில் ராத்திரி வேலைக்காரனை நீக்கினேன்,
அதாவது, இரண்டு மணிக்குத் தானாக ஓடும் நிரலை.
முக்கால்வாசி அவன் செய்ததுதான்.
பிறகு கடவுச்சொல் மறந்தவர்கள்.
பிறகு, ஒரு கமாவுக்காக முகவரியைப் பதினேழு முறை திருத்திய
யாரோ ஒரு நல்ல பிள்ளை.
சப்ளையர் பட்டியல் மட்டும். பணம் தரும் கெடு மட்டும்.
முப்பத்தெட்டு வரி.
கல் பொறுக்குகிறவளுக்கு அரிசி கண்ணில் படாது.

நினாத் காவ்கர்.
மாதாமாதம் இருபத்துநாலாம் தேதி, ஆறே முக்காலுக்கு மேல்:
பழைய மதிப்பு 60. புதிய மதிப்பு 7.
இருபத்தைந்தில் பணம் போகிறது.
இருபத்தாறு காலை, டீ வருவதற்கு முன்:
பழைய மதிப்பு 7. புதிய மதிப்பு 60.
ஆறு மாதமும் ஒரே சப்ளையர்,
குர்லாவில் அட்டைப்பெட்டி செய்கிற ஷமீம் பேக்கேஜிங்,
நாற்பதாயிரம் தாண்டாத பில்.

கமிஷன் என்றுதான் நினைத்தேன்.
அப்படி நினைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

காரணம் என்றொரு கட்டம் உண்டு. எவரும் நிரப்புவதில்லை.
ஒரு புள்ளி வைத்தால் மென்பொருள் விட்டுவிடும்.
பதினோரு வரியில் புள்ளி.
ஜூலையில் ஒன்று மட்டும், இங்கிலீஷ் எழுத்தில் மராத்தி:
கோடவுனில் தண்ணீர்.

அகராதியில் மாற்றம் என்பதற்குச் சொல் என்றும்
ஒரு பொருள் போட்டிருக்கும்.
பன்னிரண்டு மாற்றத்தில் அந்த ஆள் பேசியது இவ்வளவுதான்.
எனக்கு நாலு மேசை தள்ளி உட்கார்கிறார்.
டிபன் டப்பாவைச் சத்தம் வராமல் மூடுவார்.

ஐம்பதாயிரத்துக்குக் கீழே வேண்டாம் என்று ஒரு டிக்,
பன்னிரண்டும் போய்விடும்.
அந்தக் கட்டத்தின்மேல் அம்புக்குறி கொஞ்ச நேரம் நின்றது.
நின்றதை எதுவும் பதிவதில்லை.

அனுப்பிவிட்டேன், பன்னிரண்டையும்,
தேதி வரிசையைக் கலைத்து
ஜூலையை மேலே வைத்து.

நாளைக்கு யாராவது என் பெயரைப் போட்டு வடிகட்டினால்
7.58க்குத் திறந்தாள், 8.31க்கு அறிக்கை எடுத்தாள் என்று வரும்.
காரணம் கேட்டது.
புள்ளி வைத்தேன்.
8.40 ஸ்லோவுக்கு ஓடினேன், கிடைக்கவில்லை.