இரண்டாவது கோடு

கிட்டுயியில் இந்த வருஷம் மழை
யாரும் கேட்காத வாரத்தில் வந்தது.
உலரப் போட்ட மக்காச்சோளம்
தார்ப்பாய்க்குள்ளேயே புழுங்கிக் கிடந்தது
ஒன்பது நாள்.

நான் பைக்கை நிறுத்தியபோது கஸ்யோகா
மூன்றாம் முறையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
பச்சை பூத்தது இடப்பக்கம்,
சாம்பல் படிந்தது அதற்கும் அப்பால்,
மடியில் மட்டும் நல்லது.
"பாருங்க, பிள்ளைப் பல்லு மாதிரி இல்ல?"
அப்படித்தான் இருந்தது.
விஷத்துக்கு நிறமில்லை என்ற துண்டறிக்கை
என் பையில் அறுபது இருக்கிறது.
எடுக்கவில்லை.

மூட்டையில் ஐந்து இடம் குத்தி எடுத்தேன்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்;
பூஞ்சைக்கு அந்தக் கணக்கு தெரியாது.
ஆயிரம் மணி சுத்தமாக இருக்கும்,
அடுத்த மணியில் மொத்தமும் இருக்கும்.

அரைத்தேன், கரைத்தேன், பட்டையை நனைத்தேன்.
ஐந்து நிமிடம் என்றேன்.

ஐந்து நிமிடத்தைச் சும்மா விடுவாளா?
உரலில் இடித்துத் தோல் நீக்கிய முதோகோய்,
தட்டைப்பயறோடு குழைந்து, ஆவி பறக்க,
ஓரம் சிதைந்த எனாமல் தட்டு நிறைய.
விடியுமுன் கிளம்பியவன் நான்.
சாப்பிட்டேன்.

முதல் கோடு வந்தது.
அது சும்மா, பட்டை வேலை செய்கிறது என்று சொல்ல.
இரண்டாவதும் வந்தால் பிழைத்தோம்.
பாதித் தட்டு காலி.
முசெம்பி, அவள் கடைசிப் பையன்,
என் தோள் வழியாக எட்டிப் பார்த்து
"ஒண்ணுதான்" என்றான்.
பாஸ் மார்க் என்று நினைத்திருக்க வேண்டும்.

கரண்டி பாதி வழியில்.
கீழே வைத்தால் அவள் முகம்.
மேலே போனால் என் ஈரல்.

மேலே போனது.

பிறகுதான் சொன்னேன்:
சமைக்க வேண்டாம். விற்க வேண்டாம்.
கோழிக்கும் வேண்டாம்.
அவள் மடியைக் கொட்டவில்லை,
மணிகளைக் கையால் மூடிக்கொண்டாள்,
குளிருக்கு மூடுவது போல.

"போன வாரம் பொறுக்கிப் போட்ட பச்சையெல்லாம்?"
"அதுக்கு ஆள் இருக்கு. பாலத்தடியில
பீர் காய்ச்சுற கிதோமே. பாதி விலை.
நேத்து நீங்ககூட அங்க நின்னதாச் சொன்னாங்க."

நின்றேன்.
இரண்டு குவளை.
புளிப்பு சரியாக இருந்தது.

படிவத்தில் கடைசிக் கட்டம்:
உட்கொண்டோர் எண்ணிக்கை.
ஐந்து என்று முன்பே எழுதியிருந்தேன்.
ஆறு என்று திருத்தினேன்.
பாலத்தடியில் பெஞ்சு எத்தனை என்று
யோசித்துக்கொண்டே
ஆறையும் அடித்தேன்.