தொப்பூர் இறக்கம், பஞ்சர் கடை

நாட்டை நான் சக்கரத்தில் பார்த்தவள்.
ஜாக்கியில் லாரியை நிறுத்தி
டயர் பள்ளத்தில் திருப்புளி விட்டு
நெம்பி எடுப்பேன்.

கறுப்பாய்ப் பிசுக்கினால்
நாக்பூர் தாண்டி மழையில் நின்ற வண்டி.
வெள்ளையாய் ஒன்று உதிர்ந்தது, நாக்கில் வைத்தேன்: உப்பு.
கட்ச் என்று மேற்கே கை நீட்டினான்.
கரியென்றால் தன்பாத்.
சிவப்பைக் கேட்கவே மாட்டேன்,
அது பாலக்கோட்டிலிருந்தும் வரலாம்.

நாகாலாந்து நம்பர் வாரம் நாலு வரும்.
இறங்குகிறவன் ராஜஸ்தான்காரன்.
நாகாலாந்து எப்படியிருக்கும் என்றேன்.
பலகைக்குத்தான் அந்த ஊர் என்றான்,
வண்டிகூடப் போனதில்லையாம்.

பாஷை பெரிய தொந்தரவில்லை.
தொட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கினால்
குமிழி வரும் இடத்தை
எல்லோரும் ஒரே மாதிரிதான் காட்டுகிறார்கள்.
கூலி சொல்லும்போது
எல்லோருக்கும் ஒரே மாதிரி காது மந்தம்.

கியரில் இறங்கு என்று வழியெல்லாம் பலகை,
மூன்று பாஷையில்.
டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுகிறார்கள்.
ஐப்பசியில் ஒரு வெங்காய வண்டி
தடுப்புச் சுவரோடு போனது.
பிழைத்த கிளீனர் பையன், பிதாம்பர்,
தருமபுரி ஆஸ்பத்திரி காகிதம் தரும்வரை
மூன்று நாள் என் பெஞ்சில்.
களியை முதல் நாள் பார்த்தான்.
மறுநாள் தின்றான்.
மூன்றாம் நாள், யாரும் சொல்லாமல்,
காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
செத்த டிரைவர் பேர்
என் வாயில் சரியாக வரவில்லை.
திருத்தினான். மறுபடி சொன்னேன்.
மறுபடி திருத்தினான்.

நெம்பிய மண்ணெல்லாம் முருங்கையடியில் கொட்டுவது வழக்கம்.
தை பிறந்து பார்த்தால்
அங்கே முழங்கால் உயரத்துக்கு ஏதோ புல்,
ராகியுமில்லை சாமையுமில்லை.
அமிர்தசரஸ் வண்டி குர்மேல்
அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டான்.
"கணக்" என்றான்.
"இருநூத்தம்பது" என்றேன்.
இல்லையில்லை என்று தலையாட்டி
இரண்டு உள்ளங்கையும் தட்டித் தட்டி
காற்றில் ஒரு ரொட்டி போட்டான்.

கோதுமை.
ரேஷனில் வாங்குகிறேன், மில்லில் அரைக்கிறேன்,
தன் காலில் அது நிற்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
மீசை இருக்கிறது அதற்கு.

குர்மேல் ஒரு கதிரைக்கூடப் பறிக்கவில்லை.
கிளம்பும்போது
இருநூறுதான் கொடுத்தான்.