மேல் முனை

என் கணினியில் காவிரிக்கு வாய் இல்லை.
கல்லணைக்குக் கிழக்கே எல்லாம் ஒரே கட்டம்:
தஞ்சாவூர், மன்னார்குடி, நாகூர், கொஞ்சம் கடல்.
அத்தனைக்கும் ஒரே மழை,
ஒரே அளவில்.
திருத்துறைப்பூண்டியில் கொட்டிவிட்டு
ஆலத்தம்பாடியில் எட்டிப் பார்க்காத மழையை
அதற்கு எப்படிச் சொல்ல?

ஆறாயிரம் ஆண்டுக்கு முந்தைய சூரியனை உள்ளே விட்டேன்.
அன்று பூமி சூரியனை நெருங்கியது
மார்கழியில் அல்ல, ஆவணிக் கடைசியில்.
அந்த ஒரு மாற்றம்தான்.
பதினோரு நாள் ஓடிய பிறகு
குடகில் ஆடி கனத்தது,
ஆறு பெருத்தது.
ஐப்பசி மட்டும்
ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு சொன்னது,
குறுக்கு விசாரணையில் மாட்டிய சாட்சி போல.

அதனால்தான் சேற்றுக்கு வந்தோம்.
முத்துப்பேட்டை, அலையாத்திக் காட்டுக்கு உள்ளே,
கோரையாறு கடலிடம் தயங்கும் இடம்.
காதர் ஒலியின் படகு.
மூன்று மீட்டர் பிவிசி குழாயை
அறைய அறைய இறங்கியது;
இழுத்தபோது
அழுகிய முட்டை வாடையோடு வந்தது காலம்.
ஒரு முனையில் ‘மேல்’ என்று எழுதினேன்,
அம்பு போட்டேன், தேதி போட்டேன்.

திரும்பும்போது பிடித்துக்கொண்டது.
தார்ப்பாய் பறந்து தண்ணீரில் விழுந்தது.
கரையில் இறக்கிய குழாய்
கடையில் வாங்கிய அன்றுபோல் பளபளத்தது.
எழுத்தில்லை, அம்பில்லை.
இரு முனையிலும் ஒரே பச்சை மூடி.

மழையின் கணக்கை
மழையே வந்து கழுவிவிட்டுப் போனது.

குணாளன் அழுதுவிடுவான் போலிருந்தான்.
ஆறு மாத அனுமதிக் கடிதங்கள், அவன் முனைவர் பட்டம்,
எல்லாம் அதற்குள்.
எது இன்று, எது ஆறாயிரம்?
மாற்றி வெட்டினால்
வறட்சிக்கு முன்னால் பஞ்சம் வரும்,
இல்லாத ஒரு சரித்திரத்துக்கு
வரைபடம் போட்டுக் கொடுப்போம்.

காதர் ஒலி ஒரு மூடியைத் திறந்தார்,
மோந்தார், மூடினார்.
மறு மூடியைத் திறந்து விரலை விட்டார்.
விரல் நுனியைக் கவ்விக்கொண்டு
மிளகளவு நண்டு ஒன்று வெளியே வந்தது.
“இவன் இப்ப உள்ளவன்” என்றார்,
“பசியோட இருக்கான்.”

வண்டியில் யாரும் பேசவில்லை.
பாலத்துக்கு இந்தப் பக்கம் சாலை நனைந்திருந்தது;
அந்தப் பக்கம்
கொள்முதல் நிலையத்தில் ஈரம் அளக்கும் கருவிக்குப் பயந்து
நெல்லை மறுபடி விரித்துக்கொண்டிருந்தார்கள்.

சேற்றை நேற்று வெட்டினோம்.
அடியிலிருந்து முக்கால் மீட்டரில்
ஒரு விரற்கடை வெள்ளை மணல்.
கடல் ஒரே இரவில் கொண்டுவந்து போட்டது.
என் மாதிரியில் இரவுகள் இல்லை,
மாதச் சராசரிதான்.
அந்த இரவு
எந்த ஐப்பசியில் கரைந்து போயிற்றோ.

மணலுக்கு நேரே தேதியிடாமல்
ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.
இம்முறை பென்சிலால்.